செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, சித்திரைப் புத்தாண்டு, பிள்ளைகளின் பேச்சுப் போட்டி மூன்றும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு நான்கு முறை கூடியது. இரண்டு முறை ஆள் போதாமல் கலைந்தோம்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் உள்ள புனித மகதலேனா மரியாள் தேவாலயத்துக்கு ஒரு தமிழ்க் கையேடு எழுதுவதுதான் இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்ட வேலை. "நம் சங்கத்துக்குத் தேவாலயம் எதற்கு?" என்று பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன்.

ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காய் வாங்கும் நாம், அப்படியே தெற்கே நடந்தால் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய இந்தத் தேவாலய வாசலில் போய் நிற்போம். தாராசுரம் எழுந்த அதே நூற்றாண்டு. அன்று இந்த ஊர் எசெக்ஸ் மாவட்டத்துச் சின்னக் கிராமம். தெற்கே தேம்ஸ் வரை சதுப்பு நிலம். மக்கள் கூடும் மண்டபம், அதையடுத்துக் குருமாருக்கான பகுதி, கடைசியில் அரைவட்டமாக ஒரு பீட அறை என்று நார்மன் காலத்தில் அமைத்த வரிசை இன்றும் அப்படியே இருக்கிறது. நம்மூரில் தூங்கானை மாடம் என்போமே, அந்தப் பின்புற வளைவுதான். அரைவட்டத்தின் மேல் உள்ள கூரை மரங்கள்கூட அந்தக் காலத்தவை. இங்கிலாந்தில் இவ்வளவு பழைய கூரை மரம் கிடைப்பது மிக அரிது. ஞாயிறு வழிபாடும் நின்றுபோகவில்லை.

உள்சுவரில் வளைவுகளை ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னியதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். சங்கத்தின் சார்பில் அங்கே சுற்றுலா போனபோது எங்களுடன் வந்த ஒரு பாட்டி, கல்லைத் தொடாமல் விரலால் காற்றிலேயே அந்தக் கோட்டைத் தொடர்ந்துகொண்டு போனார். "சிக்குக் கோலம் மாதிரியே இருக்குதுப்பா, எங்கே ஆரம்பிச்சான்னே தெரியல" என்றார். அந்த வரியைக் கையேட்டில் சேர்த்துவிட்டேன்.

அந்தச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். வந்தவர்கள் 6 பேர். நமக்காகவே கதவைத் திறந்துவைத்த தேவாலயத் தொண்டர் எல்லோருக்கும் தேநீர் போட்டு வைத்திருந்தார். நான் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். வர முடியாதென்றால் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கையேடு தாமதமானதற்கு என்மேல் வருத்தம் இருப்பது தெரியும். சரிபார்க்க அச்சகத்திலிருந்து வந்த முதல் மாதிரிப் படியில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. முழுவதையும் மறுபடி கோக்க வேண்டியதாயிற்று.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகப் போனது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. பாதிப் பேருக்கு மேல் இன்னும் சந்தா கட்டவில்லை. மூன்று நினைவூட்டல் அனுப்பியாயிற்று.

தலைவர், செயற்குழுவினர், விழாக்களுக்குச் சமைத்துத் தந்த சகோதரிகள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் இந்தப் பொறுப்பில் இருப்பேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கையேட்டை அச்சுக்குக் கொடுக்கச் சந்தா பாக்கி வந்தாலே போதும். அப்புறம், ஒரு பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தை அளந்து ஆராய்ந்த வில்லியம் ஸ்டக்லியை 1765-இல் இந்தத் தேவாலய வளாகத்தில்தான் அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல் வேண்டாம் என்பது அவர் விருப்பம். அவரைப் பற்றி எழுத யாராவது முன்வந்தால், என்னிடம் உள்ள குறிப்புகளையெல்லாம் தருகிறேன்.

செயலாளர்