பெட்டியைத் திறந்ததும் முதலில் இதைப் படி

அன்புள்ள குமரா,

பார்சலைப் பிரித்ததும் டேப்லட்டை ஆன் செய்துவிடாதே. இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் தொடு. நீ எதையும் படிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அமுக்குகிற ஆள். மேல்மாடிக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு போடுகிறேன் என்று கோயில் கணக்கையெல்லாம் அழித்தாயே, அன்றைக்கு நான் போட்ட சத்தம் உனக்கு மறந்திருக்காது.

இது சர்ஃபேஸ் புரோ 4. 2015இல் வந்த மாடல், செகண்ட் ஹேண்ட்தான். கீபோர்டை மாட்டினால் லேப்டாப், கழற்றினால் டேப்லட். 8 ஜிபி ராம், 256 ஜிபி டிஸ்க். இடது ஓரத்தில் ஒரு கீறல் இருக்கும். வாங்கும்போதே இருந்தது, பார்சல் கொண்டுவந்தவரைத் திட்டாதே.

எதற்கு இப்போது இது என்று கேட்பாய். சும்மாதான். போன தடவை வீடியோ கோலில் பேசினாயே, அப்போது பின்னால் உன் மேசை தெரிந்தது. லேப்டாப் இருக்கிற இடத்தில் ரைஸ் குக்கர் இருந்தது. உங்கம்மா கவனிக்கவில்லை. நீ இளைத்துப் போனதைப் பார்ப்பதற்கே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்திருப்பாய். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் கையில் கம்ப்யூட்டர் இல்லாமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் நம் பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில்தான் தேடினேன். அங்கே சார்ஜர் மட்டும் கூடை கூடையாகக் கிடக்கிறது, டேப்லட்டைக் காணோம். பிறகு டவுனில் ஒரு கடையில் கிடைத்தது. "அங்கிள், இதில் விண்டோஸ் 11 ஏறாது, படம் பார்க்கலாம், அவ்வளவுதான்" என்றான் கடைப் பையன். அவன் சொன்னது பொய்யில்லை. விண்டோஸ் 11க்கு இன்டெல் சிப் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், இதில் இருப்பது ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதனால் ஆபீஸ்களில் இந்த மாதிரி சாமான்களைக் கழித்துக் கட்டுகிறார்கள். 650 வெள்ளி விலை சொன்னான், 580க்குக் கொண்டுவந்தேன். கம்பெனிக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டால் அது வேலைக்கே ஆகாது என்று அர்த்தமில்லை. சாமானைச் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதில் உபுண்டு 24.04 போட்டிருக்கிறேன். 2029 வரை அப்டேட் வரும். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் சர்க்யூட் போர்டு டெஸ்ட் பண்ணியே ரிட்டயர் ஆனவனுக்கு இது பெரிய விஷயமா? யுஎஸ்பி துவாரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதில் பென்டிரைவைச் செருகி, வால்யூம் குறைக்கிற பட்டனை அழுத்திக்கொண்டே பவரைத் தட்டினால் பென்டிரைவிலிருந்து பூட் ஆகிறது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கீபோர்டு, வைஃபை, சவுண்ட் எல்லாம் வந்துவிட்டன. எழுத்து மட்டும் எறும்பு மாதிரி இருந்தது, பன்னிரண்டு அங்குலத் திரைக்குள் 2736க்கு 1824 புள்ளிகளை அடைத்திருக்கிறார்களே. 200 சதவீதமாக்கினேன், என் கண்ணுக்கே தெரிகிறது.

ஆனால் திரையை விரலால் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. மேலே தேய்க்கிறேன், கீழே தேய்க்கிறேன், கண்ணாடியில் விரல் ரேகைதான் விழுகிறது. கண்ணாடி போய்விட்டது, 580 வெள்ளி தண்டம் என்றே நினைத்தேன். விஷயம் அதுவல்ல. விரல் பட்ட தகவலை இதிலுள்ள சிப் கச்சாவாகவே அனுப்பிவிடும். அதைப் பிரித்து இங்கே ஒரு விரல், அங்கே ஒரு பேனா என்று சொல்ல ஐபிடிஎஸ்டி என்கிற நிரல் தனியாக வேண்டும். சாதாரண உபுண்டுவில் அது கிடையாது. லினக்ஸ்-சர்ஃபேஸ் என்று தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு தனிக் கெர்னலே, அதாவது சிஸ்டத்தின் மைய நிரலையே, செய்து வைத்திருக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. அதைப் போட்டு, தெரியாத கெர்னலை ஏறவிடாமல் தடுக்கிற 'செக்யூர் பூட்' இதை ஒப்புக்கொள்வதற்கான சாவியையும் சேர்த்தேன். அடுத்த தடவை ஆன் செய்யும்போது ஒரு நீலத்திரை வருகிறது, அதில் 'என்ரோல் மோக்' (சாவியைப் பதிவு செய்) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தாண்டிவிட்டால் புதுக் கெர்னல் ஏறாது. நீ என்றைக்காவது மறுபடி போட நேர்ந்தால் அந்தத் திரையை நின்று படி. அதெல்லாம் முடித்து விரலை வைத்தேன் பார், திரை வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. உங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "போன்லயும் இதேதானே பண்ணுது" என்றாள்.

முக்கியமாக ஒன்று. உபுண்டு அப்டேட் ஆகும்போது அதன் சாதாரண கெர்னலும் புதிதாக வரும். எது புது நம்பரோ அதைத்தான் மெஷின் தானாக எடுக்கும். திடீரென்று ஒரு நாள் தொடுதிரை வேலை செய்யாது. கெட்டுவிட்டது என்று நினைத்து விற்றுவிடாதே. ரீஸ்டார்ட் செய்தால் ஐந்து விநாடிக்கு ஒரு மெனு வரும்படி வைத்திருக்கிறேன். கீபோர்டு மாட்டியிருக்க வேண்டும். அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸுக்குப் போய், பெயரில் 'சர்ஃபேஸ்' என்று இருக்கிற கெர்னலைத் தேர்ந்தெடு.

இன்னொன்று, வேலை முடிந்தால் ஷட்டவுன் செய். மூடி வைத்துவிட்டுப் போனால் தூங்குகிற மாதிரி தெரியும், உள்ளே பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். பத்து வருஷத்துப் பேட்டரி, திரையைப் பசை போட்டு ஒட்டியிருப்பதால் லேசில் கழற்றி மாற்றவும் முடியாது. மெத்தை மேல் வைத்து சார்ஜ் போடாதே. திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி தெரிந்தால் பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம், அன்றோடு நிறுத்திவிடு. மெத்தை மேல் வைக்காதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

காமிரா எனக்கு வரவில்லை. உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸில் இந்த மாடல் காமிராவை ஓட வைக்க இன்னும் ரொம்ப மெனக்கெட வேண்டியிருக்கிறது, விட்டுவிட்டேன். அதனால் இதிலிருந்து கூப்பிட்டால் முகம் தெரியாது, பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. தாராளமாகப் பேசலாம். போன் அடித்தால் "பிஸிப்பா", மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரல் படம். நாங்கள் என்ன, உன் குரூப் மெம்பரா?

தமிழ் அடிக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்தக் கடிதமே அதில் அடித்ததுதான். கோயில் நோட்டீஸெல்லாம் முரசு அஞ்சல் மென்பொருளில் அடித்துப் பழகிய கை, தமிழ்99 விசைப்பலகைக்கு மாற முதலில் தகராறு பண்ணியது. நீ தமிழ்ப்பள்ளியில் பரிசு வாங்கியவன், இப்போது 'enna' என்பதையே ஆங்கில எழுத்தில் அனுப்புகிறாய் — பார், உன்னால் என் கடிதத்திலும் அது வந்துவிட்டது. சரி, போகட்டும்.

அப்புறம், எதிர்வீட்டு மாமாவின் மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்குறைப்பில் அவனை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பிப் போய் எங்கேயோ உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். பெர்கேசோவில், அதுதான் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், இஐஎஸ் என்று வேலை இழந்தவர்களுக்கான ஒரு காப்புறுதி 2018லிருந்து இருக்கிறது. மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அதுதான். ஆட்குறைப்பில் வேலை போனால், சந்தா கட்டியதைப் பொறுத்து மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பணம் கிடைக்கும். தானாக ராஜினாமா செய்தவர்களுக்குக் கிடையாது. ஆனால் வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவன் யாரிடமும் சொல்லாமல் நாளைக் கடத்திவிட்டான், போச்சு. சொல்லியிருந்தால் அவன் மாமனார் என்ன, அடித்தா விரட்டியிருப்பார்? 60 நாள், ஞாபகம் வைத்துக்கொள். ஆன்லைனிலேயே செய்யலாம். டேப்லட்டில் ஃபயர்ஃபாக்ஸ் இருக்கிறது. உனக்குத் தேவைப்படாத சங்கதி, பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் உன் பழைய ரெஸ்யூம் இருக்கும். பிரிண்ட் எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தாயே, அது. லிப்ரே ஆபீஸில் திறக்கிறது, பார்த்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று போட்டேன்.

அக்கா குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது. உங்கம்மா முழங்கால் பரவாயில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவாயா என்று அவள் கேட்கச் சொன்னாள். பஸ் டிக்கெட் நானே போட்டுவிடுகிறேன், நீ தேதியை மட்டும் சொல். வந்தால் நாலு நாள் இரு, நாலு மாதம் வேண்டுமானாலும் இரு. மேல்மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. டேப்லட்டை வைத்து நோண்டுவதற்காக அங்கே ஒரு மேசை போட்டேன், வைஃபையும் நன்றாக எட்டுகிறது.

பாஸ்வேர்டு: பாட்டி வீட்டு நாயின் பெயர், எல்லாம் சின்ன எழுத்து, கூடவே பழைய வீட்டு நம்பர். உள்ளே போனதும் மாற்றிக்கொள். மெனு வந்தால் சர்ஃபேஸ் கெர்னல்தான், மறக்காதே. விலையை மட்டும் உங்கம்மாவிடம் உளறிவிடாதே, 300 வெள்ளி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா