அந்த எண்ணைக் கடைசி இலக்கம் வரை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுவர் பகுதியில் சதுரங்கப் பலகைக் கதை வந்திருந்தது. முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நாலு, எட்டு என்று 64 கட்டம் வரை இரட்டித்துக்கொண்டே போகும் அதே கதைதான், எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிக்காது. ஆனால் மொத்தம் 18446744073709552000 என்று போட்டிருந்தீர்கள். தவறு. சரியான எண் 18446744073709551615.

இருபது இலக்கத்தில் கடைசி நாலு மாறினால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று சிலர் கேட்கலாம். முதல் கட்டத்தில் இருப்பது ஒன்று, மற்ற 63 கட்டங்களிலும் இரட்டைப்படை, எல்லாம் கூட்டினால் ஒற்றைப்படைதானே வரும், அது எப்படிச் சுழியில் முடியும்? நாலாம் வகுப்புப் பிள்ளைக்கே இது புரியும். சில கணினி நிரல்கள் இவ்வளவு பெரிய எண் வந்தால் 17 இலக்கத்துக்குத் தோராயமாக்கிக் காட்டிவிட்டு மீதியைச் சுழியால் நிரப்பிவிடும், அதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த எண்ணின் அழகெல்லாம் அந்த நாலு இலக்கமும் சரியாக இருந்தால்தான் தெரியும். பகா எண்களாகப் பிரித்தால் 3 × 5 × 17 × 257 × 65537 × 641 × 6700417 என்று வரும். முதல் ஐந்தை மட்டும் பாருங்கள். 3-உடன் 2 கூட்டினால் 5. 3 × 5 = 15, அதோடு 2 கூட்டினால் 17. மூன்றையும் பெருக்கினால் 255, 2 கூட்டினால் 257. அதுவரை வந்ததையெல்லாம் பெருக்கி 2 கூட்டு, அடுத்தது வந்துவிடும்! 65537-க்கு அடுத்து வருவது 4294967297. இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற கணித அறிஞர் நம்பினார், 1732-இல் ஆய்லர் வந்து இந்த ஆறாவது எண் 641-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது என்று காட்டிவிட்டார். மேலே கடைசியாக இருக்கும் 641, 6700417 இரண்டும் அதிலிருந்து வந்தவைதான்.

பாதிப் பலகை இன்னும் பிரமாதம். முதல் 32 கட்டங்களின் அரிசி 4294967295, அந்த ஐந்து பகா எண்களின் பெருக்கல்தொகை அது. 17 பக்க ஒழுங்கு பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையமுடியும் என்று 1796-இல் கணித மேதை காஸ் கண்டுபிடித்தார் இல்லையா, அப்படி வரையமுடியும் என்று இன்றுவரை தெரிந்திருக்கும் ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு எத்தனை பக்கம் தெரியுமா? இதே 4294967295 தான்.

அதனால் இந்த வாரமே ஒரு திருத்தம் போடுங்கள், கூடவே காரணிகளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். சாதாரண கால்குலேட்டரில் இருபது இலக்கம் அடங்காது, பிள்ளைகள் தாளில் பெருக்கிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி