முருகனுக்கு, மகன் தீயணைப்பில் சேர்ந்த செய்தி கேட்டு

கேப் டவுன்

அன்புள்ள முருகா,

உன் மூத்தவன் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் சேர்ந்துவிட்டான் என்று படித்ததும் நெஞ்சு நிறைந்தது. அன்றிரவு தூக்கமும் வரவில்லை. "மேலே ஹெலிகாப்டர் இருக்கும்போது என்ன பயம்?" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஹெலிகாப்டரைப் பற்றித்தான் அவனிடம் நீ முதலில் பேச வேண்டும்.

டர்பன் பக்கம் குளிர்காலத்தில் காய்ந்த புல் எரியும். இங்கே கோடையில் மலைப்புதர் எரியும். எங்கே எரிந்தாலும் ஹூயி ரக ஹெலிகாப்டரின் அடியில் தொங்கும் வாளியில் ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வருகிறது. ஒரு டன்னுக்கும் அதிகமான எடை! ஒருமுறை எனக்கு இருபதடி தள்ளிக் கொட்டியது. கிளை முறிந்து விழுந்தது, கற்கள் சரிவில் உருண்டன, கையிலிருந்த, தீயை அடித்து அணைக்கும் ரப்பர் மட்டை எங்கோ போய்விட்டது. வாயெல்லாம் சாம்பல் சேறு. அந்தச் சத்தம் வந்தாலே ஓரமாக விலகிவிட வேண்டும். விலக வழியில்லையென்றால், வரும் திசைக்குத் தலையை வைத்துக் குப்புறப் படுத்து, கையிலுள்ள கருவியை உடம்பிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும். தண்ணீர் விழுந்த இடத்தில் மறுபடி தீ கிளம்பும். உடனே போய் அடித்து அணைப்பது தரையில் நிற்பவர்களின் வேலை.

விமானிகளின் ஆபத்து இன்னும் பெரிது. புகையில் மின்கம்பி தெரியாது. 2015 மார்ச்சில் கேப் பாயிண்ட் பக்கம் தீயணைக்கப் போன ஹெலிகாப்டர் விழுந்து விமானி இறந்தார். அதனால்தான் உயரத்தில் ஒரு சிறு விமானம் வட்டமடித்தபடி, யார் எப்போது இறங்கலாம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் யாராவது படம் பிடிக்க ட்ரோன் விட்டால் எல்லோரும் விலகிப் போக வேண்டியதுதான். தீக்கு அதைவிட நல்ல உதவி வேறில்லை. நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

2021 ஏப்ரல் 18 அன்று இங்கே மலைத்தீ பரவிப் பல்கலைக்கழக நூலகத்தின் ஜாகர் வாசிப்புக் கூடம் எரிந்தது உனக்கு நினைவிருக்கும். மறுநாள் காற்று வலுத்ததால் ஹெலிகாப்டர்களை நிறுத்திவைத்தார்கள். பலர் திட்டினார்கள். அந்தக் காற்றில் பறக்க மறுத்தது சரி என்றே அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அவனுடைய தலைக்கவசத்தில் தாடைவார் இருக்கிறதா என்று பார்த்து எழுது. இல்லையென்றால் இங்கிருந்து வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
செல்வம்