கூடியதா, குறைந்ததா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தனியார் துறையில் சம்பளம் கூடியிருக்கிறதா என்று ஊழியர்களையே கேட்டு நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மதுரைப் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பது வருடம் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். தனக்கு எவ்வளவு கூடியது என்று ஒருவர் வாயால் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள எனக்குக் கை வராது. பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. (பெண் பார்க்கப் போகும் இடத்தில் சொல்லும் சம்பளமும் வீட்டில் சொல்லும் சம்பளமும் வேறுதான். அது தனிக் கதை.)

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு ஒரு பிட்டர் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார். "என்னண்ணே, கூட்டித் தர்றோம்னு சொல்லிட்டுக் குறைச்சுட்டீங்களே?" பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 14,000 வாங்கியவருக்கு அந்த மாதம் 15,000 போட்டிருந்தோம். பிடித்தத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,680 ரூபாய் 1,800 ஆனது. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம், 105 ரூபாய் 113 ஆனது. கையில் 12,215 வந்துகொண்டிருந்தது, 13,087 ஆக வேண்டும். ஆனால் தீபாவளி அட்வான்ஸில் முதல் தவணை 1,000 பிடித்ததும் அதே மாதம்தான். பாங்க் மெசேஜில் 12,087. நாங்கள் போட்டது ஏழு சதவீத உயர்வு; அவர் பார்த்தது 128 ரூபாய் வெட்டு. உங்கள் நிருபர் அன்று அவரிடம் கேட்டிருந்தால் 'சம்பளம் குறைந்தது' என்றுதான் அச்சாகியிருக்கும்.

இன்னொன்று, முழு எண்ணாகச் சொல்லும் பழக்கம். 14,600 வாங்குபவரும் "பதினஞ்சு" என்பார், அடுத்த வருடம் 15,400 வாங்கும்போதும் "பதினஞ்சு" என்பார். 800 ரூபாய் காணாமல் போகும். 14,400 'பதினாலு' ஆகி, 15,600 'பதினாறு' ஆனால் 1,200 ரூபாய் உயர்வு 2,000 ஆகிவிடும். சம்பளத்தைச் சொல்வதில் இந்தப் பிசகு சின்னது. உயர்வைக் கணக்குப் போடும்போதோ அதுவே உயர்வில் பாதிக்கு மேல் வந்துவிடும்.

மாதக் கடைசியில் கவரில் ரொக்கமாக வாங்கும் கடைப் பையன்கள்தான், நான் பார்த்தவரை, ரூபாய் பிசகாமல் சொல்கிறார்கள். நோட்டை எண்ணி வாங்குகிறார்கள் அல்லவா.

அடுத்த முறை நிருபரை அனுப்பும்போது, "எவ்வளவு கூடியது?" என்று கேட்பதோடு விடாமல், போன வருடத்து பே ஸ்லிப்பையும் இந்த வருடத்து பே ஸ்லிப்பையும் ஒரே மாதத்துக்கு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்லிப் இல்லாதவர்களிடம் பிடித்தத்தைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் கணக்கர்,
ஆரப்பாளையம், மதுரை.