சர்வரில் கை வைத்தால் ஒரு வரி எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கவுன்டரில் ‘சர்வர் டவுன்’ என்று அட்டை தொங்கினால் மக்கள் கோபப்படுவது நியாயம்தான். அந்த அட்டைக்குப் பின்னால் ராத்திரி முழுக்கக் கண்விழித்து உட்கார்ந்திருக்கும் ஆட்களில் நானும் ஒருவன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஐபிஎம் பவர் சர்வர் ஒன்றைப் பல பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனி மெஷின் போல இயங்கும் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஏஐஎக்ஸ் என்ற ஐபிஎம் இயங்குதளத்தைத் தனியாக ஓட்டுவது 2001-ல் பவர்4 சிப் வந்தபோதே தொடங்கிய ஏற்பாடு. பெட்டி ஒன்று, ஆனால் பழுதுகள் பதிவாகும் எரர் லாக் பார்ட்டிஷனுக்குப் பார்ட்டிஷன் தனி. அந்த லாகைப் படிக்கும் எர்பிடி கட்டளையை அடித்தால் நாம் நுழைந்திருக்கும் பார்ட்டிஷனின் கதை மட்டும்தான் தெரியும். மற்ற பார்ட்டிஷன்களுக்கு டிஸ்கைப் பங்கிட்டுக் கொடுக்கும் விஐஓஎஸ் என்ற தனிப் பார்ட்டிஷன் வழியாக டிஸ்க் வருகிறது என்றால் இங்கே டிஸ்க் எரர் என்று இருக்கும், அசல் காரணம் விஐஓஎஸ் லாகில் கிடக்கும். இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்றால் எது முதலில் நடந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

மெஷின் தன் பங்கைத் தானே எழுதிக்கொள்கிறது, மனிதன் செய்ததை மனிதன்தான் எழுத வேண்டும். அதற்கென்றே எர்லாகர் என்ற கட்டளை இருக்கிறது. அதை அடித்து, பக்கத்தில் “கேபிள் மாற்றம் ஆரம்பம்” என்று எழுதினால் போதும், ஆபரேட்டர் குறிப்பாக அதே லாகில் நேரத்தோடு பதிவாகிவிடும். 1024 பைட் வரை எழுதலாம்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ராத்திரி கேபிளைக் கழற்றி மாட்டினோம், குறிப்பும் எழுதினோம். ஐந்து வாரம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர்கள் லாகைத் திறந்தால் டிஸ்க் எரர் மட்டும் நிற்கிறது, எங்கள் குறிப்பைக் காணோம்! டிஸ்க்தான் பழுது என்று முடிவு கட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்கைக் கழற்றிப் போட்டார்கள். எவ்வளவு சொல்லியும் யாரும் நம்பவில்லை. அப்புறம்தான் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் கிரான்டேபை, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளைகளின் பட்டியலைப் பார்த்தேன். ஏஐஎக்ஸ் நிறுவும்போதே அதில் பழைய பதிவுகளை அழிக்கும் எர்கிளியர் கட்டளை இரண்டு வரிகளில் இருக்கிறது: சாஃப்ட்வேர் எரரும் ஆபரேட்டர் குறிப்பும் 30 நாளில் அழியும், ஹார்டுவேர் எரர் 90 நாள் நிற்கும். மெஷின் சொன்னது மூன்று மாதம் இருக்கிறது, நாம் சொன்னது ஒரு மாதத்தில் போய்விடுகிறது. போதாததற்கு லாக் ஃபைலின் அளவு ஆரம்பத்தில் 1 எம்பிதான், நிறைந்தால் பழையதன் மேலேயே புதியது ஏறும்.

சரி செய்வது பெரிய வேலையே இல்லை. கிரான்டேபில் அந்த 30-ஐக் கூட்டுங்கள், எர்டெமன் கட்டளையால் ஃபைல் அளவைப் பெரிதாக்குங்கள், புதுப் பதிவு விழுந்ததும் நாம் சொன்ன கட்டளையை ஓட்டும் எர்நோட்டிஃபை மூலம் ஒவ்வொரு பதிவையும் சிஸ்லாக் என்ற பொதுப் பதிவு ஏற்பாட்டுக்குத் தள்ளி அங்கிருந்து வேறொரு மெஷினுக்கு அனுப்பிவிடுங்கள்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு எர்பிடி படிக்கத் தெரிகிறது, எர்லாகர் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. உங்கள் கணினிப் பக்கத்தில் இதற்கு ஒருநாள் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் அறையில் வேலை பார்க்கும் வாசகர், சென்னை