முட்டி வலி இல்லை, டீசல்

குளுவாங்
ஆகஸ்ட் 18, 2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

"ஏம்பா, மீன் பிடிக்க மெர்சிங் கடல் பக்கமே போகலையா?" என்று போன வாரம் போனில் கேட்டாய். அம்மா பக்கத்தில் நின்றதால் முட்டி வலி என்று சொல்லி வைத்தேன். முட்டிக்கு ஒன்றுமில்லை. டீசல் விலைதான்.

ஜூன் 10-ஆம் தேதி ராத்திரியோடு ராத்திரியாக லிட்டர் 2.15 ரிங்கிட் வெள்ளியிலிருந்து 3.35 ஆகிவிட்டது. சரவாக்கில் இன்னும் பழைய 2.15தான், அதனால் மிரியில் இருக்கிற உனக்கு உறைத்திருக்காது. என் ஹைலக்ஸ் வண்டியின் டீசலுக்கு அரசாங்கம் மாதம் 200 வெள்ளி போடுகிறது. வாடகைப் படகுக்கு யார் போடுவார்? அதே ஜெட்டியில் கட்டியிருக்கும் மீனவர் படகுக்கு லிட்டர் 1.65. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிற நமக்கு அது கிடையாது. அது சரிதான், அதில் எனக்கு வருத்தமில்லை.

அவுர் தீவுப் பக்கம் போய்வர நம்ம தெக்கோங் (படகோட்டி) ஓட்டும் படகுக்கு 150 லிட்டர் பிடிக்கும். கூடுதல் செலவு 180 வெள்ளி. ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 30. இதற்காகவா நிற்கிறீர்கள் என்பாய். ஆனால் அந்த 30-ஐச் சொன்னதுமே இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். முன்பு 1,200 வெள்ளியை ஆறு பேர் பிரித்தோம், தலைக்கு 200. இப்போது 1,380-ஐ நாலு பேர் பிரித்தால் 345. அதைக் கேட்டதும் நாலாவது ஆளுக்குத் திடீரென்று மாமியார் வீட்டில் விசேஷம்!

ஜூலையில் வேறொரு கோஷ்டியோடு ஒட்டிக்கொண்டு ஒரு தடவை போனோம். தெக்கோங் அவுர் வரைக்கும் போகவே இல்லை. திங்கி தீவுக்கு இந்தப் பக்கமே, கடலில் ஓலை கட்டி மீன் சேரவைக்கும் ஓர் உஞ்சாமில் நங்கூரம் போட்டவர், விடியும்வரை அசையவில்லை. முன்பெல்லாம் மீன் கடிக்காவிட்டால் அவரே கிளம்பி அடுத்த ஓலைக்குப் போவார். இப்போது "இடம் மாத்தலாமா?" என்று கேட்டால் டீசல் தொட்டியைத் தட்டிக் காட்டுகிறார். ஆளுக்கு ரெண்டு மூணு சிவப்பு மீன், அவ்வளவுதான்.

நீ ஃபாரம் ஒன் படிக்கும்போது பிடித்த தெங்கிரி மீன் ஞாபகம் இருக்கா? படகு ஓட ஓடத் தூண்டிலை இழுத்துப் போகும் இழுவையில் மாட்டியது. அதற்கு முன்னால் மூன்று மணி நேரம் வெறுங்கடலைச் சுற்றினோம், நீ ரெண்டு தரம் வாந்தி எடுத்தாய். இன்றைய விலையில் எந்தத் தெக்கோங்கும் அப்படிச் சுற்ற மாட்டார்.

காசு அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. அப்பன் பங்கை அப்பன் கட்டுவான். எங்களுக்குக் குறைகிறது ஓர் ஆள். செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாயே, நவம்பர் மழை இறங்குவதற்குள் அதுதான் வசதி. நீ வந்தால் நாலு பேர். உன் 345 உன் கையிலிருந்துதான் வரணும், வாத்தியாரம்மா சம்பளம் வாங்குகிறாய்.

உன் ரீலைக் கழற்றி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். போன் பண்ணும்போது அம்மாவிடம் என் முட்டியை மறக்காமல் விசாரி.

அப்பா