மாவட்டம் கேட்போம், ஊராட்சித் தேர்தலையும் கேட்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கும்பகோணத்தைத் தனி மாவட்டமாக்கக் கோரித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோரிக்கை நியாயமானது. ஆனால் மாவட்டம் பிரிந்துவிட்டால் டெல்டாவின் குறையெல்லாம் தீர்ந்துவிடும் என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் நன்னிலம் பக்கத்து விவசாயி. எங்கள் பழைய பட்டாவில் தஞ்சாவூர் மாவட்டம் என்றிருக்கும். 1991இல் நாகை காயிதே மில்லத் மாவட்டத்துக்குப் போனோம். 1997இல் திருவாரூர் வந்தது. 2020இல் மயிலாடுதுறையும் தனியாகிவிட்டது. 1991 வரை ஒன்றாயிருந்த தஞ்சை இன்று நான்கு மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது நல்லதுதான். திங்கட்கிழமை மனு கொடுக்க நாகை வரை போக வேண்டியதில்லை.

ஆனால் ஐப்பசி மழைக்குச் சம்பா மூழ்காமல் காப்பது கலெக்டர் ஆபீஸ் அல்ல, வடிகால். எங்கள் ஊர் வடிகால் பக்கத்து ஊராட்சிக்குள் போய்த்தான் ஆற்றில் சேர்கிறது. எல்லையில் உள்ள குழாய்ப் பாலத்தை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் தண்ணீர் எங்கள் வயலில் ஏறும். தலைவர்கள் இருந்தபோது இரண்டு ஊர்த் தலைவரையும் டீக்கடையிலேயே பிடித்துப் பேசிவிடுவோம். நூறு நாள் வேலை ஆட்களை இரு பக்கமும் ஒரே வாரத்தில் இறக்கிவிடுவார்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாதபோது அரசு அமர்த்தும் தனி அலுவலர் காலத்தில் யூனியன் ஆபீஸ் வாசலில் காத்திருக்க வேண்டும். அவரைக் குறை சொல்லவில்லை. அத்தனை ஊராட்சியையும் ஒற்றை ஆள் எப்படிப் பார்ப்பார்? ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் உரிமையோடு சண்டை போடலாம். அதிகாரியிடம் மனுதான் கொடுக்க முடியும்.

அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு, ஊராட்சியின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கச் சொல்கிறது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய வேலைகளைச் சொல்லும் பதினொன்றாம் அட்டவணையின் 29 பொருள்களில் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் உண்டு. நடந்ததோ வேறு. 2016 அக்டோபரில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான். அப்போது வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிய, மறுபடியும் தனி அலுவலர். வார்டு வரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். பதவிக்காலம் முடியும் தேதி ஐந்து வருஷத்துக்கு முன்பே தெரியும்போது இந்த வேலைகளை முன்கூட்டியே செய்ய என்ன தடை? சட்டசபைத் தேர்தலை இப்படித் தள்ளிப்போட யாராவது துணிவார்களா?

அரசலாறு கடலில் சேரும் காரைக்கால் நிலைமை இன்னும் மோசம். புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஒரு தலைமுறையே ஊர்த் தலைவர் என்றால் யார் என்று தெரியாமல் வளர்ந்திருக்கிறது.

கும்பகோணத்துக்காக மனு எழுதும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊராட்சிகளைத் தலைவர் இல்லாமல் ஒருநாளும் விடக்கூடாது என்பதையும் அதே மனுவில் சேருங்கள். எங்கள் பக்கத்து விவசாயிகள் வந்து கையெழுத்துப் போடத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நன்னிலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.